வைத்தியசாலைக் கட்டிலில் அம்மா: பக்கத்தில் நிற்பவர் கேட்க வேண்டியவை

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே அம்மாவைத் தள்ளுவண்டியில் கிடத்தியிருந்தார்கள். படிவத்துடன் வந்த உத்தியோகத்தர் சிங்களத்தில் நாலைந்து கேள்விகள் கேட்டிருக்கிறார். அம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டியிருக்கிறார். வெளியே மருந்து வாங்கப் போன நான் திரும்பி வந்தபோது படிவம் நிரப்பி முடிந்திருந்தது. முன்னர் சத்திரசிகிச்சை ஏதும் செய்யப்பட்டதா? இல்லை. உடலில் உலோகம் ஏதும் உள்ளதா? இல்லை.

அம்மாவின் இடுப்பில் 2009 ஏப்ரல் மாதத்திலிருந்து ஷெல் துண்டு இருக்கிறது. ‘பீஸ்’ என்றுதான் நாங்கள் சொல்வோம். மழைக்காலத்தில் அது குத்தும்போது "பீஸ் கதைக்குது" என்று அம்மா சிரிப்பார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அதை ஒப்பரேஷன் செய்து எடுக்கேல்லைத்தானே பிள்ளை. அதுதான் இல்லையெண்டனான்."

எம்.ஆர்.ஐ. இயந்திரம் என்பது மிகவும் சக்திவாய்ந்த ஒரு காந்தம். உடலுக்குள் இருக்கும் இரும்புத் துண்டை அது அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்குள்ளோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலோ துண்டு இருந்தால் விளைவு மோசமாகலாம். அதற்காக ஷெல் துண்டு உள்ள எவருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கவே முடியாது என்றும் இல்லை. முதலில் எக்ஸ்-ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று பார்த்துக் கதிரியக்க வைத்திய நிபுணர் முடிவெடுப்பார். அம்மாவுக்கும் அன்று பின்னேரமே எக்ஸ்-ரே எடுத்தார்கள். ஒரு துண்டு என்று பதினைந்து வருடங்களுக்கு மேலாக நாங்கள் நினைத்திருந்த இடத்தில் மூன்று இருந்தன. இரண்டு நாள் கழித்து, எடுக்கலாம் என்று நிபுணர் சொன்ன பிறகுதான் ஸ்கேன் நடந்தது.

நான் ஒரு ஐந்து நிமிடம் பிந்தி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை இப்போதும் நினைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த உத்தியோகத்தரில் மட்டும் பிழை சொல்லவும் முடியவில்லை. அவர் கேட்டார். கேட்ட மொழி அம்மாவுக்கு விளங்கவில்லை. விளங்கிய அரைகுறையிலும் கேள்வி அம்மாவின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை.

வைத்தியருக்குத் தெரியாத வரலாறு

வன்னியில் இறுதி யுத்தத்தில் காயப்பட்டவர்களில் பலருக்கு அந்தக் காயம் பற்றிய ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. பாடசாலைக் கட்டடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் இயங்கிய வைத்தியசாலைகளில் மருந்து கட்டினார்கள். பிறகு அந்த இடங்களும் தாக்கப்பட்டன. 2008 டிசம்பருக்குப் பிறகு நிரந்தர, தற்காலிக வைத்தியசாலைகள் மீது குறைந்தது 30 தாக்குதல்கள் நடந்ததாக மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2009 மே மாதத்திலேயே சொல்லியிருந்தது. அங்கிருந்து முகாமுக்கு வந்தோம். முகாமில் யாரோ ஒரு வைத்தியர் ஏதோ ஒரு ஊசி போட்டார், அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்தது. அது என்ன மருந்து? தெரியாது.

இன்று அறுபது எழுபது வயதில் சலரோகத்தோடும் பிறஷரோடும் வைத்தியசாலைக்குப் போகும் நம் பெற்றோரின் உடலில் இவை எல்லாம் இருக்கின்றன. பதிவேட்டில் இல்லை. ஆகவே பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முதல் வேலை இடியப்பமும் சுடுதண்ணீர்ப் போத்தலும் கொண்டுபோவது அல்ல. அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்னர் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள்.

அம்மாவுக்கு நான் எழுதியது ஒரு பக்கம். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம். இருக்கிற நோய்கள், எத்தனையாம் ஆண்டிலிருந்து. இப்போது குடிக்கிற மருந்துகள், அளவு, காலையா இரவா. இதில் கடையில் வாங்கிக் குடிக்கும் நோ மாத்திரையும் சித்த வைத்தியரிடம் எடுக்கிற சூரணமும் சேரும். வெட்கப்பட்டு மறைப்பது இவற்றைத்தான்; சிறுநீரகத்துக்கு வினையாவதும் சிலவேளை இவைதான். ஒத்துவராத மருந்து. பெயர் தெரியாவிட்டால் "2009இல் முகாமில் போட்ட ஊசியால் உடம்பு தடித்தது, பெயர் தெரியாது" என்றே எழுதலாம். காயங்கள், உடலுக்குள் உள்ள உலோகம், எந்தப் பக்கம். கடைசியில் என்னுடைய தொலைபேசி இலக்கம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதத் தெரியாவிட்டால் ஊரில் படிக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து எழுதுவிக்கலாம். பத்துப் போட்டோக் கொப்பி அடித்து வைத்தேன். ஒன்பது முடிந்துவிட்டன.

யாரிடம், எப்போது கேட்பது

அரச வைத்தியசாலை விடுதி வெளியிலிருந்து பார்க்கக் குழப்பமாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு ஒழுங்கு உண்டு. உங்கள் நோயாளி ஒரு விசேட வைத்திய நிபுணரின் பொறுப்பில் இருப்பார். அவர் யார் என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள். அவருக்குக் கீழே ரெஜிஸ்ரார், சிரேஷ்ட வைத்தியர்கள், பயிற்சி வைத்தியர்கள். நாள் முழுக்க விடுதியில் ஓடித் திரிகிற அந்த இளம் பயிற்சி வைத்தியர்தான் பெரும்பாலான தகவல்களைத் தரக்கூடியவர். ஆனால் முடிவை எடுப்பவர் அவர் அல்ல. நாங்கள் அவரிடம் முடிவையும், நிபுணரிடம் சாப்பாட்டு விபரத்தையும் கேட்டுக்கொண்டு நிற்பதுண்டு.

காலையில் நிபுணர் சுற்றி வருவார். அந்த நேரத்தில் உறவினரை வெளியே விடுவது வழமை. ஆகவே ‘சுற்று முடிந்த பிறகு எத்தனை மணிக்குக் கதைக்கலாம்?’ என்று விடுதிப் பொறுப்புத் தாதியிடம் முன்கூட்டியே கேட்பதுதான் புத்தி. "மிஸ், அம்மாவின்ர விசயமா டொக்டரோட ஐஞ்சு நிமிசம் கதைக்க வேணும், எப்ப வந்தால் நல்லம்?" இந்த ஒரு வசனத்துக்கு நான் எந்த விடுதியிலும் ஏச்சு வாங்கவில்லை. சுற்றின் நடுவில் ஓடிப்போய் மறித்த நாளில் வாங்கினேன்.

கட்டிலோடு இருக்கும் பி.எச்.ரி. எனப்படும் அந்தக் கோவையில்தான் எல்லாம் எழுதப்படுகிறது. அது வைத்தியசாலைக்குரியது, வீட்டுக்குத் தரமாட்டார்கள். வீடு போகும்போது தருவது டயக்னோசிஸ் காட். அதில் நோயின் பெயர், செய்த பரிசோதனை, கொடுத்த சிகிச்சை, அடுத்த கிளினிக் திகதி ஆகியன சரியாக இருக்கின்றனவா என்று விடுதியை விட்டு வெளிக்கிட முன்னரே பாருங்கள். வாசிக்க விளங்காவிட்டால் அங்கேயே கேளுங்கள். ஒட்டோவில் ஏறிய பிறகு கேட்க ஆளில்லை.

நான் ஒரு பயிற்சிக் கொப்பி வைத்திருந்தேன். திகதி, நேரம், யார் என்ன சொன்னார், என்ன பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள், முடிவு எப்போது வரும். வெளியே வாங்கச் சொல்லித் தந்த மருந்துத் துண்டுகளைப் போனில் படம் எடுத்தேன், பில்லை ஒட்டி வைத்தேன். 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே வாங்குவது இன்னும் நின்றபாடில்லை. துண்டில் உள்ள கம்பனிப் பெயரில் மருந்து இல்லை என்று பார்மசியில் சொன்னால், அதே மருந்து வேறு பெயரில் வாங்கலாமா என்று விடுதியில் கேட்டுவிட்டு வாங்குங்கள். விலை பாதியாகக் குறைந்த நாளும் உண்டு.

இந்தக் கொப்பி யாரையும் பிடிப்பதற்காக அல்ல. மூன்றாம் நாள் வேறு வைத்தியர் வந்து "எப்பயிருந்து கால் விறைக்குது?" என்று கேட்டபோது, "செவ்வாய் இரவு பத்து மணியிலிருந்து" என்று என்னால் சொல்ல முடிந்தது. முதுகுவலியோடு வந்த ஒருவருக்குத் திடீரென்று கால் பலமிழந்தால், இடுப்புக்குக் கீழே விறைத்தால், சலமோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால் அது விடியும்வரை பொறுக்கிற விடயம் அல்ல. முள்ளந்தண்டுக்குள் உள்ள நரம்பு நசிபடுகிறது என்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம். இரவு எத்தனை மணியானாலும் தாதியை எழுப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் நடந்தால் 1990 அம்புலன்சுக்கு அழைக்க வேண்டும். அம்மாவுக்கு அது வீட்டில்தான் தொடங்கியது. "வாதம்" என்று நல்லெண்ணெய் பூசிப் பத்து நாள் விட்டோம். அந்தப் பத்து நாளை என் கொப்பியில் எழுத முடியவில்லை.

கேட்கப் பயம்

என் நண்பி ஒருத்தி கொழும்பில் வளர்ந்தவள். "ஏன்ரி நீங்களெல்லாம் டொக்டரைக் கண்டால் பொலிசைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன்.

சீருடை, மேசை, படிவம், தெரியாத மொழி. எங்களுக்கு இவை நாலும் ஒன்றாகச் சேர்ந்த இடங்கள் சோதனைச்சாவடிகள், முகாம் பதிவுகள், விசாரணை அறைகள். அங்கே உயிர் தப்பிய வழி கேட்காமல் இருப்பதும் கேட்டதற்கு ‘ஓம்’ என்பதும்தான். வைத்தியசாலை என்ற இடம்கூடப் பாதுகாப்பானதாக எப்போதும் இருந்ததில்லை. 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் புகுந்த இந்திய இராணுவம் நோயாளிகளையும் வைத்தியர்களையும் தாதியரையும் சுட்டுக்கொன்றதை நேரில் அறிந்த தலைமுறைதான் இன்று கட்டிலில் கிடக்கிறது. அவர்கள் "ஓம் டொக்டர்" என்று தலையாட்டும்போது விளங்கியது என்று அர்த்தமில்லை. விளங்கியதா என்று மட்டும் கேட்காமல், "டொக்டர் என்ன சொன்னவர், எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். அம்மா எனக்குச் சொன்னது, "நாளைக்குத் துண்டு வெட்டுறாங்களாம்." வைத்தியர் சொன்னது, வீட்டுக்கு அனுப்ப இன்னும் இரண்டு நாளாகும் என்று!

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வைத்தியசாலை விடுதிக்கும் அது பொருந்தும். ஆனால் அதிகாலை இரண்டு மணிக்கு அம்மா வலியில் முனகும்போது 22ஆம் உறுப்புரை எழுந்து வந்து மொழிபெயர்க்காது. எங்களுக்கு மொழிபெயர்த்தவர் அடுத்த கட்டிலில் இருந்த மலையகத்து அம்மா ஒருவர். தன் வலியோடு எழுந்து வந்து சிங்களத்தில் சொல்வார், திரும்பித் தமிழில் சொல்வார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. எனினும் சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும்போது, இப்படிக் கைக்கு அகப்பட்டவரின் மொழிபெயர்ப்பில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த வைத்தியரோ தாதியோ வரும்வரை அரை மணித்தியாலம் தாருங்கள் என்று கேட்கலாம். உயிருக்கு அவசரமான நிலை என்றால் தவிர, கேட்டால் தருகிறார்கள். சுயநினைவோடு இருக்கிற வளர்ந்த ஒருவரின் சம்மதம் அவரிடமிருந்தே பெறப்பட வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம். பிள்ளை பக்கத்தில் நின்றால் பேனை பிள்ளையின் கைக்குத்தான் வருகிறது.

வலி பற்றியும் சொல்ல வேண்டும். "நோகுதா அம்மா?" என்று வைத்தியர் கேட்டால் "பரவாயில்லை ஐயா" என்பார். அவர் போன பிறகு கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். ‘இதைவிடப் பெரிய நோவெல்லாம் கண்டாச்சு’ என்பது அவருடைய கணக்கு. நான் கொப்பியில் நேரம் போட்டு பத்துக்கு எத்தனை என்று எழுதினேன். இரவு 11 மணி, 8. அதிகாலை 3 மணி, 9. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் மோர்பின் எழுதினார்கள். மோர்பின் என்றதும் சொந்தக்காரர் அழத் தொடங்கினார்கள், கடைசி மருந்து என்று. அப்படியில்லை. வலியோடு இன்னும் பல காலம் வாழ வேண்டியவர்களுக்கும் அதைக் கொடுக்கிறார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். அன்றிரவு அம்மா ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டார்.

பிழை நடந்தால் என்ன செய்வது? 2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை விவகாரம் வெடித்ததிலிருந்து விடுதிக்குள் போனைத் தூக்கி நேரலை போடுவது பலருக்கு முதல் வழியாகிவிட்டது. அங்கே சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளின் சரிபிழை வேறு விடயம். ஊடகத்துறையில் படித்து அதையே தொழிலாகச் செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் அம்மா இன்னும் அந்தக் கட்டிலில் கிடக்கும்போது கமரா அவருக்கு உதவாது. பக்கத்துக் கட்டில்காரரின் மானமும் அதில் போகும். முதலில் விடுதிப் பொறுப்புத் தாதி, பிறகு பொறுப்பு நிபுணர், பிறகு வைத்தியசாலைப் பணிப்பாளர். பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வைத்தியரின் தொழில்சார் நடத்தை பற்றியதாக இருந்தால் இலங்கை மருத்துவ சபை. மொழி, இனம் காரணமாகப் பாகுபாடு காட்டப்பட்டதாக நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு, இலக்கம் 1996. அறிக்கைகள் தர மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். வழமையாக 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலாயின் 48 மணித்தியாலங்கள். நோயாளியின் எழுத்துமூலச் சம்மதத்தை இணைக்க மறக்க வேண்டாம்.

அம்மாவிடம் மறைத்தது

ஸ்கேன் முடிவை முதலில் எனக்குத்தான் சொன்னார்கள். புற்றுநோய், முள்ளந்தண்டுக்குப் பரவியிருக்கிறது. நான் சொன்ன முதல் வசனம், "அம்மாட்டச் சொல்லாதையுங்கோ டொக்டர்."

எங்கள் வீடுகளில் இது பாசம். தாங்கமாட்டார், உடைந்துபோவார் என்கிறோம். நான்கு நாள் கட்டியென்றும் தேய்மானமென்றும் கதை விட்டேன். ஐந்தாம் நாள் அம்மா கேட்டார்: "எனக்கு எவ்வளவு காலம் எண்டு டொக்டர் சொன்னவர்?" நான் பேசவில்லை. "நீ சொல்லாட்டி நான் ஆரிட்ட எதைக் குடுத்திட்டுப் போறது?"

அண்ணாவின் ஃபைலைத்தான் சொன்னார். அண்ணா 2009 மே மாதம் வட்டுவாகலில் அம்மாவின் கண் முன்னால் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டவர். அந்த ஃபைலில் பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைக் குழுவின் பதிவு, மனித உரிமைகள் ஆணைக்குழு இலக்கம், பரணகம ஆணைக்குழுவில் சாட்சி சொன்ன திகதி எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் எந்த அலுவலகம், யார் வாங்கினார், என்ன சொன்னார் என்று அம்மாவின் கையெழுத்து. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டக் கொட்டிலுக்கும் இதே ஃபைலோடுதான் போனார். மூன்று நாலு அதிகாரிகளுக்கு முன்னால் நின்று "என்ர பிள்ளை எங்க?" என்று கேட்ட மனிசி, தன் நோயைப் பற்றி ஒரு பயிற்சி வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. தனக்காகக் கேட்க அவருக்குத் தெரியவில்லை.

என் பயிற்சிக் கொப்பியின் முறையை நான் பல்கலைக்கழகத்தில் படித்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். திகதி, பெயர், சொன்னது, பிரதி. அன்று ஃபைலைத் திறந்தபோதுதான் எங்கிருந்து வந்ததென்று விளங்கியது.

அடுத்த நாள் வைத்தியரையும் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எல்லாம் சொன்னோம். அம்மா மூன்று கேள்விகள் கேட்டார். கதிர்ச் சிகிச்சையால் வலி குறையுமா? நடக்க ஏலுமா? அடுத்த மாதம் ஒரு இடத்துக்குப் போய் வர வேண்டியிருக்கிறது, விடுவீர்களா? முதலாவதற்கு ஓம், இரண்டாவதற்குப் பார்ப்போம், மூன்றாவதற்கு வண்டி பிடித்துப் போகலாம் என்று வைத்தியர் சொன்னார். அதையும் எழுதினேன்.

சிகிச்சைத் திகதிகளுக்கு இடையில் மூன்று பின்னேரங்கள் அம்மா சொல்லச் சொல்ல அண்ணாவின் ஃபைலை ஒவ்வொரு தாளாக நான் பார்த்து முடித்தேன். எந்த இராணுவப் பஸ், எத்தனை பேர், அண்ணா என்ன நிறச் சேட் போட்டிருந்தார் என்பதைப் போனில் பதிவு செய்தோம். டயக்னோசிஸ் காட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் அதே ஃபைலின் பின்பக்கத்தில் செருகப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"அது அவன்ர. எனக்கு வேற ஒண்டு வாங்கு."

கிளிநொச்சிச் சந்தியில் 120 ரூபாவுக்கு ஒரு நீல ஃபைல் வாங்கினேன்.